போர்க்களத்தில் பயின்ற மருத்துவர்

உடலுக்கு வரும் நோய்களுள் சில மெல்ல வளர்ந்து மெல்லத் தீர்வன. அவற்றில் மருத்துவர் நூலைப் புரட்டிப் பார்க்கலாம், மூத்தோரை வினவலாம், நாளை வந்து காண்போம் என்று ஒத்திப்போடவும் செய்யலாம். ஆயின், குருதி பீறிடும் காயத்தோடு ஒருவன் தூக்கிக் கொணரப்படும்போது அத்தகைய ஓய்வு மருத்துவர்க்கு இல்லை. அப்பொழுது அவரிடம் எவ்வறிவு உள்ளதோ அதுவே காயமுற்றவனுக்கு உயிர்; அவ்வறிவு பிழைபட்டதாயின் அதுவே கூற்றம். ஆதலின், அவசர மருத்துவம் செய்வோர் கற்று முடித்துவிட்டோம் என்று அமைந்திருத்தல் இயலாது. நேற்றுச் செய்த மருத்துவத்தின் பயனை இன்று நேரிற் சென்று கண்டு, நாளைச் செய்யவேண்டியதைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். இதனைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த ஒருவர் 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் அம்புருவாசு பாரே என்பவர்.

பாரே 1510-ஆம் ஆண்டையொட்டி, இலாவால் என்னும் ஊருக்கு அணித்தான ஒரு சிற்றூரில் எளிய குடியிற் பிறந்தார். அக்காலத்தில் ஐரோப்பாவில் மருத்துவத் தொழில் செய்வோர் மூன்று படியினராக இருந்தனர். பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழியிற் பயின்று பட்டம் பெற்றோர் முதற்படியினர். அவர்கள் நாடி பார்ப்பர், மருந்து கூறுவர், குருதியையும் சீழையும் கையால் தொடுதலை இழிவென்று கருதுவர். அவர்க்கு அடுத்த படியினர் சேன் கோம் என்னும் கழகத்தைச் சார்ந்த அறுவை மருத்துவர். கடைப்படியில் நின்றவர் முடி திருத்தும் தொழிலும், கட்டியைக் கீறுதல், காயங்கட்டுதல் முதலிய தொழில்களும் ஒருங்கே செய்தவர். நம் தமிழ்நாட்டிலும் முடி திருத்துவோர் மருத்துவர் என்றே வழங்கப்பெற்றதும், அவர் குடியிற் பிறந்த பெண்டிர் மருத்துவச்சியராய் இருந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கன. கத்தி பிடிக்கும் கையை நாடித்தான் புண்பட்டோர் எங்கும் சென்றனர் போலும்.

பாரே இக்கடைப்படியிலேயே தம் வாழ்வைத் தொடங்கினார். இலத்தீன் அவர் பயின்றாரல்லர். ஆயினும், பாரிசு மாநகரை அடைந்து, ஓத்தெல் தியே என்னும் பழம்பெரு மருத்துவமனையிற் பணியாற்றும் வாய்ப்பினைப் பெற்றார். ஏழை நோயாளர் திரள்திரளாக வந்து குவியும் இடம் அது. அங்கு ஏறத்தாழ மூன்றாண்டு தங்கி, புண்களையும் கட்டிகளையும் முறிவுகளையும் நாள்தோறும் கண்டார். இறந்தோர் உடலை அறுத்து நரம்பும் தசையும் எலும்பும் இருக்கும் நிலைகளை அறிந்தார். பிற்காலத்தில் தாம் பெற்ற கல்வியைக் குறிப்பிடும்போதெல்லாம் இம்மருத்துவமனையையே அவர் பெருமிதத்துடன் நினைவுகூர்ந்தார்.

1536, 1537-ஆம் ஆண்டுகளில் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிசின் படை ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலியின் தூரின் நகர்ப் பக்கம் சென்றது. படைத்தலைவர்களுள் ஒருவராகிய மோன்தெசான் என்பாரின் மருத்துவராகப் பாரே உடன் சென்றார். அப்போது அவர்க்கு அகவை 26 அல்லது 27 இருக்கும். துப்பாக்கிக் காயத்தை அதற்கு முன் அவர் கண்டதே இல்லை.

போரின் கொடுமை இன்னதென்பதை அவர் முதன்முதலிற் கண்டது ஒரு குதிரைக் கொட்டிலில். தம் குதிரையைக் கட்ட அங்கு நுழைந்த அவர், இறந்து கிடந்த சில வீரர்களின் அருகே வேறு மூவர் சுவரிற் சாய்ந்திருக்கக் கண்டார். அவர்தம் முகம் உருத்தெரியாமற் சிதைந்திருந்தது. கண் காணவில்லை, செவி கேட்கவில்லை, வாய் பேசவில்லை. வெடிமருந்துத் தீ அவர்கள் ஆடையில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. முதிய வீரன் ஒருவன் அங்கு வந்து, இவர்களைப் பிழைப்பிக்க வழியுண்டா என்று பாரேயைக் கேட்டான். இல்லை என்றார் பாரே. உடனே அவன் சினமின்றி, மிக மென்மையாக, ஒருவர் பின் ஒருவராக அம்மூவர் கழுத்தையும் அறுத்துவிட்டான். பாரே திடுக்கிட்டு, நீ கொடியவன் என்று கடிந்தார். அதற்கு அவன், தனக்கு இந்நிலை வருமாயின் இவ்வுதவியைச் செய்வார் ஒருவரைத் தருமாறு தான் இறைவனை வேண்டுவதாக விடையிறுத்தான். அந்நாளில் போர்க்களத்து அவசர மருத்துவம் இந்த அளவில் இருந்தது. பாரே கூறிய ஒரு சொல்லே மூவரின் முடிவை உறுதி செய்தது என்பதை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

துப்பாக்கிக் காயத்திற்கு அந்நாளைய மருத்துவர் செய்த முறை யாது? வெடிமருந்து நஞ்சுடையது, குண்டு பட்ட இடத்தில் அந்நஞ்சு தங்கிவிடும், அதனைச் சுட்டெரித்தாலன்றி நோயாளி பிழையான் என்று அவர்கள் நம்பினர். இத்தாலிய மருத்துவ அறிஞர் சோவான்னி தா வீகோ என்பார் தம் நூலில் அவ்வாறே எழுதிவைத்திருந்தார். எனவே, எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் காயத்தினுள் வார்ப்பர். குண்டு துளைத்த துன்பத்தினும் அம்மருத்துவம் தந்த துன்பமே பெரிது. பாரே அந்நூலைப் படித்திருந்தார். படித்தும் அவர் கை உடனே எழவில்லை. முதலில் மூத்த மருத்துவர்கள் என்ன செய்கின்றனர் என்று சென்று பார்த்தார். அவர்களும் எண்ணெயை இயன்ற அளவு சூடாகவே வார்த்தனர். அதன்பின் தாமும் துணிந்து அவ்வாறே செய்தார்.

ஒருநாள் காயமுற்றோர் மிகப் பலராயினர். எண்ணெய் தீர்ந்துபோயிற்று. பாரே செய்வதறியாது, முட்டையின் மஞ்சட் கரு, ரோசாப்பூ எண்ணெய், டர்ப்பென்டைன் என்னும் மரத்தைலம் ஆகிய மூன்றையும் கலந்து, எஞ்சியோர் காயங்களில் ஆறிய நிலையில் இட்டுக் கட்டினார். அன்றிரவு அவர்க்கு உறக்கம் வரவில்லை. நூல் கூறிய முறையைக் கைவிட்டதனால் அவ்வீரர்கள் விடியுமுன் நஞ்சேறி இறந்து கிடப்பர் என்றே அஞ்சினார். அவர்தம் உயிர்க்குத் தாமே பொறுப்பு என்னும் எண்ணம் அவரை வாட்டியது. பொழுது புலரும் முன்பே எழுந்து விரைந்து சென்றார்.

சென்றவர் கண்ட காட்சி அவர் எதிர்பார்த்ததற்கு முற்றும் மாறாக இருந்தது. கலவை மருந்து இடப்பெற்றோர் வலி குறைந்து, வீக்கமும் கொதிப்பும் இன்றி, இரவில் ஓரளவு நன்றாகவே உறங்கியிருந்தனர். கொதிக்கும் எண்ணெய் வார்க்கப்பெற்றோரோ காய்ச்சலுற்று, காயத்தைச் சுற்றிப் பெரிதும் வீங்கி, வலியால் துடித்துக்கொண்டிருந்தனர். இனி எவர்க்கும் இவ்வாறு எண்ணெய் வார்த்துச் சுடுவதில்லை என்று பாரே அவ்விடத்திலேயே உறுதி பூண்டார்.

எண்ணெய் தீர்ந்தது தற்செயல். அத்தகைய தற்செயல் பிற மருத்துவர்க்கும் நேர்ந்திருக்கக் கூடும். ஆயின், விடியற்காலையில் எழுந்து சென்று, இரு சாராரையும் அருகருகே வைத்து நோக்கியது தற்செயல் அன்று. அன்றியும், நான் இதுவரை எத்துணைப் பேரைச் சுட்டேன் என்னும் கசப்பான வினாவைத் தம்மையே கேட்டுக்கொள்ளாமல் அவ்வுறுதியைப் பூண்டிருத்தல் இயலாது. நேற்று வரை செய்தது தவறென்று ஒப்புக்கொள்வது எத்தொழிலிலும் கடினமானது. பிறர் உடலில் செய்த தவறாயின் அது எத்துணைக் கடினம்!

இதனால் பாரே ஒரே நாளிற் பழைய நம்பிக்கைகள் அனைத்தையும் துறந்துவிட்டார் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. தூரின் நகரில் துப்பாக்கிக் காயத்தை ஆற்றுவதிற் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். அவருடைய களிம்பின் மறையை அறிய விரும்பிய பாரே, ஈராண்டு அவரை நயந்து, பரிசில்கள் அளித்து, இறுதியில் அதனைப் பெற்றார். பிறந்த நாய்க்குட்டிகளை அல்லி எண்ணெயில் இட்டுக் காய்ச்சி, மண்புழுவும் மரத்தைலமும் சேர்ப்பதே அம்மறை! அதனையும் பாரே மகிழ்ந்து ஏற்றுப் பல்லாண்டு பயன்படுத்தினார். இக்காலத்தில் நமக்கு நகைப்புத் தோன்றும். ஆனால், அக்களிம்பும் ஆறிய நிலையில் இடப்பட்டது என்பது ஒன்றே நோயாளர்க்குப் போதிய நன்மையாயிற்று.

கற்பதற்கு இன்னாரிடமே செல்லவேண்டும் என்னும் வரையறை அவரிடம் இல்லை. படைத்தலைவரின் சமையற் சிறுவன் ஒருவன் காய்ந்த எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். மருந்து வாங்கச் சென்ற பாரேயிடம், அங்கிருந்த நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருத்தி, பச்சை வெங்காயத்தை உப்புடன் நசுக்கி இட்டால் கொப்புளம் எழாது என்றாள். கிழவி சொல் என்று அவர் தள்ளவில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. சிறுவன் உடம்பின் ஒரு பகுதியில் அதனை இட்டுப் பார்த்தார். பின்னர், வெடிமருந்தால் முகம் தீய்ந்த காவல் வீரன் ஒருவனுக்கு, முகத்தின் நடுவில் வெங்காயமும் ஏனைய இடங்களில் வழக்கமான மருந்தும் இட்டு, எது நன்று என்று ஒப்புநோக்கினார். இன்று தீப்புண்ணுக்குத் தூய குளிர்ந்த நீரை இடைவிடாது ஊற்றுவதே முதலுதவி என்றும், வெங்காயம் முதலியன இடுதல் கூடாது என்றும் மருத்துவ நூல்கள் கூறும், அதுவே கொள்ளத்தக்கது. பாரேயின் மருந்து பழையதாகிவிட்டது. ஒரே உடம்பில் இரு மருந்தையும் இட்டு ஒப்பிட்ட அவர் முறை பழையதாகவில்லை.

1542-ஆம் ஆண்டில் பெர்ப்பிஞான் நகர முற்றுகையின்போது பிரிசாக் என்னும் தலைவர்க்குத் தோட்பட்டையருகே குண்டு பாய்ந்தது. மருத்துவர் பலர் துழாவியும் குண்டு அகப்படவில்லை. உடலினுள் ஊடுருவிச் சென்றுவிட்டது என்று கூறிக் கைவிட இருந்தனர். பாரே வந்தார். கருவி எதனையும் எடுக்குமுன், குண்டு பட்டபோது எந்த நிலையில் நின்றிருந்தீர்களோ அந்நிலையில் நில்லுங்கள் என்று அத்தலைவரை வேண்டினார். அவர் அவ்வாறு நின்றதும், தசைகள் பழைய நிலைக்குத் திரும்பின. குண்டு சென்ற வழி புலப்பட்டது. தோளுக்கருகே தசையினுள் குண்டிருந்த இடத்தைத் தடவிக் காட்டினார் பாரே. மற்றொரு மருத்துவர் அதனை வெளியே எடுத்தார். துப்பாக்கிக் காயங்களை ஆற்றும் முறையைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1545-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அந்நூலை அவர் பிரெஞ்சு மொழியில் எழுதினார். மருத்துவ நூல் என்றால் இலத்தீனில்தான் இருத்தல் வேண்டும் என்று கற்றோர் கருதிய காலம் அது. பாரேக்கு இலத்தீன் தெரியாது என்பது உண்மையே. ஆயினும், தெரிந்திருந்தாலும் அவர் தாய்மொழியிலேயே எழுதியிருப்பார் என்று கருத இடமுண்டு. அவர் நூலைப் படிக்கவேண்டியவர் பல்கலைக்கழகத்துப் பெரும்புலவர் அல்லர். படையின் பின்னே கூடாரந்தோறும் காயங்கட்டித் திரிந்த எளிய இளைஞரே. தாய்மொழியில் எழுதப்படாத அறிவு அவ்விளைஞரைச் சென்றடைந்திராது. தமிழ் கற்பித்தே வாழ்நாள் கழித்த எனக்கு, அவர் செய்த அறுவைகளினும் இச்செயலே பெரிதாகத் தோன்றுவது இயல்பேயாகும்.

பாரே அடுத்துச் செய்த பெருந்திருத்தம் உறுப்பறுத்தல் பற்றியது. கால் கை சிதைந்தால் அதனை வெட்டி நீக்குவர். வெட்டிய இடத்தில் குருதிக் குழாய்கள் வாய் திறந்து பீறிடும். அதனை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே வழக்கம். பாரேயும் பல்லாண்டு அவ்வாறே சுட்டார். சுட்ட பொருக்கு உதிர்ந்ததும் மீண்டும் குருதி பெருகி இறந்தோர் பலரை அவர் கண்டார். குருதிக் குழாயை நூலால் கட்டும் முறை பண்டைக் காலத்துக் கிரேக்க மருத்துவர் கேலன் முதலியோர் பிற காயங்களுக்குக் கூறியதே. அதனை உறுப்பறுத்தலுக்கும் கொள்ளலாகாதா என்று பாரிசு நகரத்து நண்பர்களுடன் ஆராய்ந்தார். 1552-ஆம் ஆண்டில் தாவில்லியே என்னும் ஊரின் முற்றுகையில், பீரங்கிக் குண்டாற் கால் சிதைந்த ஒருவர்க்கு இரும்பால் சுடாமல், குழாய்களை இடுக்கியாற் பற்றி இழுத்து நூலால் கட்டிக் குருதியை நிறுத்தினார். அவர் பிழைத்தார். 1564-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கிய பாரே, தாம் முன்னர்ச் சுட்டதையும் மறைக்காமல் எழுதினார். ஏனையோரும் அப்பழைய கொடுமையைக் கைவிடுமாறு வேண்டினார்.

அவ்வாண்டின் இறுதியில், அதாவது 1552-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மெத்சு நகரைப் பேரரசர் ஐந்தாம் சார்லசின் பெரும்படை வளைத்துக்கொண்டது. உள்ளே காவலிருந்த பிரெஞ்சு வீரருட் காயமுற்றோர் பலர் இறந்துகொண்டிருந்தனர். மருந்துகளில் நஞ்சு கலந்திருக்குமோ என்னும் ஐயமும் அச்சமும் நகரிற் பரவின. பாரேயை அனுப்புமாறு மன்னர்க்கு வேண்டுகோள் சென்றது. பகைப்படையைச் சார்ந்த தலைவன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து, நள்ளிரவில் அவரை நகரினுள் புகச் செய்தனர். மறுநாள் அவர் மதிலருகே காணப்பட்டதும், இனிக் காயம்பட்டாலும் சாகோம் என்று வீரர் ஆர்ப்பரித்தனர். முடி திருத்துங் கடையிலிருந்து வந்த ஒருவரின் வரவு ஒரு நகரின் அச்சத்தைத் துடைத்தது. முற்றுகை சனவரி மாதத்தில் நீங்கியது. பின் 1554-ஆம் ஆண்டில், இலத்தீன் அறியாதவராயினும், சேன் கோம் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

கற்றவர் எல்லா உயிரையும் காத்துவிடுதல் இயலுமா? 1559-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் விளையாட்டுப் போர் ஒன்றில் மன்னர் இரண்டாம் ஹென்றியின் கண்ணருகே முறிந்த ஈட்டியின் சிம்புகள் பாய்ந்தன. பாரேயும், உடற்கூற்று நூலாற் பெரும்புகழ் எய்திய வெசாலியசும், பிறரும் கூடினர். சிம்பு எவ்வழிச் சென்றிருக்கும் என்று அறியத் தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் தலைகளில் ஈட்டித் துண்டைச் செலுத்திப் பார்த்தனர். ஒன்றும் பயன்படவில்லை. சூலை 10-ஆம் நாள் மன்னர் இறந்தார். ஈராண்டு கழித்துப் பாரேயின் காலையே குதிரை உதைத்து எலும்பு முறித்தது. வலியிடையே தம் காலுக்குச் செய்யவேண்டியதைத் தாமே உடனிருந்த மருத்துவர்க்குக் கூறினார். தம்மிடம் இரக்கம் காட்டவேண்டா என்றும் சொன்னார். நலமுற்று மீண்டும் நடந்தார். நோயாளியாகக் கிடந்து கற்றதனையும் பின்னர் நூலில் எழுதி வைத்தார். ஓர் இறந்த உடலைப் பக்குவப்படுத்தி 27 ஆண்டுகளுக்கு மேலாகத் தம் இல்லத்திலேயே வைத்திருந்து, தம் அறிவைப் புதுக்கிக்கொண்டார் என்பதும் அறியத்தக்கது.

விலங்கின் வயிற்றிலிருந்து கிடைக்கும் பெசோவார் என்னும் கல் எந்நஞ்சையும் முறிக்கும் என்று அரசர்களும் நம்பிய காலம் அது. மன்னர் ஒன்பதாம் சார்லசு அக்கல் ஒன்றைப் பெற்று மகிழ்ந்தபோது, எல்லா நஞ்சுக்கும் ஒரே மருந்து இருத்தல் இயலாது என்றார் பாரே. வெள்ளித் தட்டுகளைத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு நஞ்சும் கல்லும் கொடுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. பிழைத்தால் விடுதலை என்பது உடன்பாடு. அவன் ஏழு மணி நேரம் துடித்து இறந்தான். பாரேயின் கூற்று மெய்யாயிற்று. எனினும், இதனை வெற்றி என்று கூற என் நெஞ்சம் ஒப்பவில்லை. மனிதன் உயிரை இவ்வாறு ஆய்வுப் பொருளாக்குவதை இன்றைய மருத்துவ அறம் ஒருபோதும் ஏற்காது. பாரேயும் அக்காலத்து மனிதரே.

1575-ஆம் ஆண்டில் அவர் தம் நூல்களனைத்தையும் திரட்டி ஒரே பெருநூலாக வெளியிட்டார். பாரிசுப் பல்கலைக்கழக மருத்துவர் குழு சினந்து எழுந்தது. தம் இசைவின்றி மருத்துவ நூல் வெளிவரலாகாது என்று வழக்காடியது. நூலோ விற்றுத் தீர்ந்து, மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. 1582-ஆம் ஆண்டில் இலத்தீனிலேயே மொழிபெயர்க்கவும் பெற்றது! குழுவின் தலைவராக இருந்த கூர்மெலன் என்பார் குருதிக் குழாயைக் கட்டும் முறையைப் பழித்து எழுதினார். எழுபது அகவை கடந்த பாரே, 1585-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர்க்கு மறுமொழி எழுதினார். தாம் சென்ற போர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, எந்த ஊரில் எவர்க்கு எத்தகைய காயம், அதற்குச் செய்தது யாது, விளைந்தது யாது என்று விரித்தார். நாற்காலியில் இருந்து கற்பித்தவர்க்கு அவர் காட்டிய சான்று நோயாளரே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் நம் பழமொழியை அவர்மேல் ஏற்றிச் சொல்வோர் உண்டு. அது முழுதும் பொருந்தாது. பழைய நூல்களைத் தேடிப் படித்தவர் அவர். தாமும் பெருநூல் செய்தவர். ஏட்டையும் நோயாளியையும் அருகருகே வைத்துப் பார்த்தார் என்பதே உண்மை.

1590-ஆம் ஆண்டில் பாரிசு நகரமே முற்றுகைக்கு உள்ளாயிற்று. உட்பகையால் விளைந்த போர் அது. மக்கள் பட்டினியால் தெருக்களில் விழுந்து மடிந்தனர். இளமையில் எத்தனையோ முற்றுகைகளைக் கண்ட பாரேக்கு அப்போது அகவை 80 அளவில் இருந்தது. ஒருநாள் சேன் மிசேல் பாலத்தின் அருகே, நகரில் செல்வாக்கு மிகுந்திருந்த இலியோன் தலைமைக் குருவை வழிமறித்து நின்றார். சூழ நின்ற மக்கள் பசியால் இறந்துகொண்டிருப்பதைக் காட்டி, அமைதியைத் தேடித் தருமாறு உரத்த குரலில் வேண்டினார். மருந்தாலும் கத்தியாலும் தீர்க்க இயலாத நோய் அது என்பதை அவரினும் அறிந்தவர் அந்நகரில் யாவர்? சில நாள் கழித்து முற்றுகை நீங்கியது. அவ்வாண்டு திசம்பர் 20-ஆம் நாள் பாரே காலமானார். பாரிசு நகரத்தில், அவர் வாழ்ந்த தெருக்களுக்கு அண்மையிலிருந்த சேன்-ஆந்திரே கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.